புஷ்டியும் நோயும்

நாற்பதைத் தாண்டிய நம்முடைய கன்னங்களும் தொடைகளும் சென்ற வருஷம் பூரித்தன. உறவினர் 'நல்ல புஷ்டி' என்று மெச்சினர், நாமும் மகிழ்ந்தோம். ஆனால் பள்ளிக்கூடத்து மாடிப்படி ஏறுகையில் மூச்சு வாங்கிற்று.

வைத்தியர் ஒருவர் ஸுச்ருத ஸம்ஹிதையைப் பிரித்துக் காட்டினார். ஏழு தாதுக்களில் மூன்றாவதான மாமிசம் அளவு மீறினால் கன்னம், உதடு, தொடை, புஜம் முதலியவை பருத்து, தேகம் கனக்கும் என்கிறது அந்நூல். காரணத்தைச் சரக ஸம்ஹிதை கூறுகிறது: கனத்த ஆகாரம், உண்டவுடன் பகல் நித்திரை. இரண்டும் நம்முடைய விடுமுறை நாட்களின் நித்திய கர்மங்கள் அல்லவா!

குறைவு மட்டுமன்று, மிகுதியும் நோயே என்று உணர்ந்தோம். பகல் தூக்கத்தை விட்டோம். மாலையில் நெற்றியில் வேர்வை அரும்பும் வரை நடக்கிறோம். பாதி பலத்திற்கு மேல் உழைக்கலாகாது என்பதும் ஆயுர்வேத விதியே.

இப்போது கன்னம் சற்று வற்றியிருக்கிறது. 'உடம்புக்கு என்ன?' என்று உறவினர் அனுதாபத்துடன் விசாரிக்கின்றனர். மாடிப்படியோ நம்மை வருத்துவதில்லை.