விடுபட்ட 'இ'

சென்ற இதழில் நான் எழுதிய கட்டுரையின் ஒரு பகுதியை வாபஸ் பெற வேண்டியிருக்கிறது. பிழை திருத்தமாக நான்கு வரி போதும் என்றார் ஆசிரியர். பிழை அச்சகத்தினுடையதாக இருந்தால் போதும்தான். இது வாசித்தவனுடையது.

பிள்ளையார்பாளையத்து நெசவாளர் ஒருவரின் கவிதைகள் பற்றிய கட்டுரை அது. யாரைச் சொல்கிறேன் என்பது இந்த வட்டத்திற்குத் தெரியும். அவர் இறந்தபின் கவிதைகள் யூனிகோடுக்கு மாற்றப்பட்ட பிரதியாக ஒரு நண்பர் வழியே என்னிடம் வந்தன. அதில் ஒன்று இப்படித் தொடங்கியது:

தறிக்குழியில் கால் வைத்தேன்
ருள்
வேறொன்றும் ல்லை

'இருள்' தன் முதல் எழுத்தை இழந்து நிற்பதையும், 'இல்லை' என்ற சொல்லே முழுதாக இல்லாமல் போவதையும் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதினேன். இன்மையைச் சொல்ல வந்த சொல்லை இன்மை தீண்டிவிட்டது என்றேன். எல்லாக் கவிதைகளிலும் இப்படி இல்லை. பின்னால் எழுதியவற்றில் 'இ' ஒழுங்காகவே இருந்தது. ஆகவே இது முதல் கட்டத்து உத்தி, பிறகு அதைக் கடந்துபோனார் என்று ஒரு வளர்ச்சிக் கோடும் போட்டுக் காட்டினேன்.

இதழ் வந்த வாரம் அவர் மகள் வங்கிக்கு வந்தார். "நீங்க எழுதினது நல்லாத்தான் இருக்கு சார். ஆனா அப்பா அப்படி எழுதமாட்டாரே. ஒரு இழை அறுந்தாக்கூட முடி போடாம அடுத்த இழை ஓட்டமாட்டார்." கைப்பையிலிருந்து இரண்டு சிடிக்களை எடுத்துக் கவுன்டரில் வைத்தார். ஒன்றில் அவர் எழுதியவை, பயன்படுத்திய எழுத்துரு, ஒரு சிறிய எடிட்டர். மற்றது பழைய கணினியோடு வந்த விண்டோஸ் 98.

எடிட்டர் என் கணினியில் ஏறவில்லை. அதை நிறுவும் நிரல் 16 பிட் காலத்தது. இன்றைய 64 பிட் விண்டோஸ் அதை ஏற்பதில்லை. இதற்கு வழி, கணினிக்குள்ளேயே இன்னொரு கணினியை மென்பொருளால் உண்டாக்கி அதில் பழைய இயங்குதளத்தை ஓட்டுவது. யோசனை புதிதல்ல. ஒரே பெரிய இயந்திரத்தில் பலர் வேலை செய்ய, ஒவ்வொருவருக்கும் முழு இயந்திரமும் தன்னுடையதே என்ற தோற்றத்தை ஐபிஎம் 1972-இல் வெளியிட்ட விஎம்/370 தந்தது. இன்று வர்ச்சுவல்பாக்ஸ் போன்ற ஒன்றை இலவசமாக மேஜையில் வைத்துக்கொள்ளலாம்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. விண்டோஸ் 98-க்கு நினைவகம் அதிகமானால் தடுமாறும். 512 எம்பியைத் தாண்டினால் சிக்கல். 256 கொடுத்தேன். என் கணினியில் உள்ளதில் சிறு பங்கு, அதற்குப் பெருஞ்செல்வம். திரை 640-க்கு 480, பதினாறே வண்ணங்கள். வெளியே உள்ள கோப்புறையை உள்ளே காட்ட முடியாது. விண்டோஸ் 98-க்கு அந்த இணைப்பு நிரல்கள் கிடையா. எதைக் கொடுப்பதானாலும் சிடி உருவமாக்கித்தான் கொடுக்க வேண்டும். உள்ளே போன மௌஸ் வெளியே வர வலது கன்ட்ரோல் விசையை அழுத்த வேண்டும்.

கவிதை திறந்தது. 'இருள்' இருந்தது. 'இல்லை' இருந்தது.

காரணம் எளியது. விண்டோஸில் யூனிகோட் தமிழ் 2000-இல்தான் வந்தது. அதற்குமுன் ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியீடு. பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சலில் விவாதித்து உருவாக்கிய திஸ்கி என்ற குறியீட்டைத்தான் இவர் பயன்படுத்தியிருந்தார். அதில் அ 171, ஆ 172, இ 173 என்று வரிசையாக இடம். ஆனால் மேல்நாட்டு எழுத்துகளுக்கான அட்டவணையில் 173 என்பது கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்புக்குறி. வரி உடையும் இடத்தில் மட்டும் தலைகாட்டும். கோப்பு கைமாறியபோது ஏதோ ஒரு மென்பொருள் 173-ஐ அப்படி எண்ணித் தள்ளிவிட்டது. இந்தத் தொல்லைக்காகவே 'இ'க்குப் பின்னர் 254-ஆம் இடமும் தரப்பட்டது. புதிய எழுத்துருவுக்கு அவர் மாறியபின் எழுதியவற்றில் 'இ' தப்பித்தது. நான் போட்ட வளர்ச்சிக் கோடு இதுதான்: 173-லிருந்து 254-க்கு.

'இ'யை மட்டும் திரும்பப் போட ஒரு சிறு நிரல் போதுமே, இதற்கு ஏன் இவ்வளவு பாடு என்றார் கணினி தெரிந்த நண்பர். உண்மைதான். ஆனால் ஓர் எழுத்து விழுந்திருக்கிறது என்பது முதலில் தெரிய வேண்டும். மாற்றப்பட்ட பிரதி தன்னில் எது விடுபட்டது என்று சொல்வதில்லை. தன்னை முழுமையாகவே காட்டிக்கொள்கிறது. பழைய படைப்பை நம் மொழிக்கு, நம் கருத்துகளுக்கு மாற்றிக்கொண்டு வாசிக்கும் விமர்சனமும் இப்படித்தான். நம்மிடம் வந்து சேர்ந்ததே எல்லாம் என்று நினைத்துக்கொள்கிறது. அது ஓடிய தளத்தைத் தேடிப்போகும் சிரமம் அதற்கு வேண்டியிருப்பதில்லை.

அந்தச் சின்னத் திரையில் வேறொன்றும் கண்டேன். திஸ்கியில் கொம்பு முதலில், மெய் பிறகு: கை எழுதும் வரிசை. யூனிகோட் மெய்யை முதலில் வைத்துக் கொம்பைப் பின்னால் சேமிக்கிறது. திரையில்தான் முன்னால் காட்டுகிறது. பழைய கோப்பு அவர் கையின் வரிசையை வைத்திருந்தது. இதிலிருந்து எதையும் நிறுவப் போவதில்லை. அந்தப் புத்தி எனக்கு இப்போது வந்திருக்கிறது. அவர் பார்த்த திரையைப் பார்த்தேன். அவர் கண் அதில் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். 'ருள்' இன்னும் எனக்குப் பிடித்திருக்கிறது. 'இருள், வேறொன்றும் இல்லை' என்று சரியாக வந்திருந்தால் அந்த வரியைத் தாண்டிப் போயிருப்பேன். 1959-இல் 'எழுத்து' தொடங்கிய நாளிலிருந்து இந்த வகைப் பத்திரிகைகள் உடைவையும் விடுபடலையும் அர்த்தமாகப் படிக்கக் கற்றுக்கொடுத்தன, நல்ல பாடம்தான். ஆனால் உடையாததைப் படிக்கும் திராணி என்னிடம் குறைந்துவிட்டது. அந்தி மங்கியபின் தறிக்குழியில் இறங்குகிறவனுக்கு இருள் ஓர் உத்தி அல்ல. அதை அவர் அப்படியே எழுதியிருக்கிறார். அது போதாது என்று எனக்குத் தோன்றியது. ஒரு மென்பொருளின் பிழை வந்து அதை எனக்குக் கவிதையாக்கிக் கொடுத்தது. திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கிறேன். இன்னும் முழுதாக எட்டவில்லை.

பேரேடு கையால் எழுதப்பட்ட காலத்தில் வங்கியில் ஒரு விதி உண்டு என்று மூத்தவர்கள் சொல்வார்கள்: தவறைச் சுரண்டி அழிக்கக் கூடாது. குறுக்கே ஒரு கோடு, மேலே சரியானது, பக்கத்தில் சுருக்கொப்பம். தவறும் படிக்கும்படியாக இருக்க வேண்டும். ஆகவே என் கட்டுரை அப்படியே கிடக்கட்டும். திருத்தம் மட்டும்:

'ருள்' என்பதை 'இருள்' என்றும், 'ல்லை' என்பதை 'இல்லை' என்றும் படிக்கவும். 'உத்தி' என்று வரும் இடங்களை விட்டுவிடவும்.