ஈயமில்லாத தூண்டில்

நாற்பது ஆண்டுகள் பத்திரிகைத் தொழிலில் இருந்தவன் நான். அக்காலத்தில் மீனைப்பற்றி எழுதிய செய்திகளுக்குக் கணக்கில்லை. வடகடலில் தடை, தடை தளர்வு, மீண்டும் தடை, சேதமுற்ற வள்ளங்கள், குறைந்துபோன பிடிபாடு என்று எல்லாம் எழுதியாயிற்று. ஆனால் ஒரு மீனைத் தூண்டிலில் எவ்வாறு பிடிக்கிறீர்கள் என்று எந்தக் கடற்றொழிலாளியிடமும் ஒருநாளாவது கேட்டேனா என்றால், இல்லை. அதனை அறிந்துகொள்ள எனக்கு அறுபத்தைந்து வயதாகவேண்டியிருந்தது. புளோரிடா வரை போகவும் வேண்டியிருந்தது.

என்னை அழைத்துச் சென்றவர் றொறன்ரோவில் வாழும் நண்பர். குருநகரில் பிறந்தவர். என்னைவிட இருபத்தைந்து வயதளவில் இளையவர். 2016 ஏப்ரலில் அவர் விடுமுறையில் புளோரிடா கீஸ் தீவுக்கூட்டத்திலுள்ள இஸ்லமொராடாவுக்குப் புறப்பட்டபோது, "நீங்களும் வாங்கோ ஐயா, சும்மா படகிலை இருந்து பாருங்கோ" என்றார். ஆங்கிலத்தில் 'ஃபிளை ஃபிஷிங்' எனப்படும் விளையாட்டுக்காகவே அந்தப் பயணம். 'ஈத் தூண்டில்' என்று நான் அதனைத் தமிழ்ப்படுத்திக்கொண்டேன். பொருத்தமான பெயரன்று. நன்னீரில்தான் அது ஈயைப்போன்ற பூச்சியாக இருக்கும். கடலில் இறாலாகவோ நண்டாகவோ சிறுமீனாகவோ மாறிவிடுகிறது.

இம்முறை மிகப் பழையது. மக்கெடோனியர்கள் தூண்டில் முள்ளில் சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றி, சேவல் இறகைக் கட்டி ஆற்றுமீன் பிடித்ததை ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன்னரே ஈலியன் என்பவர் எழுதிவைத்திருக்கிறார். எங்கள் நுவரெலியாவின் குளிர்ந்த ஓடைகளிலும் வெள்ளைக்காரத் துரைமார் 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் ட்ரவுட் மீனைக் கொண்டுவந்து விட்டு, இந்தத் தடியோடு திரிந்தார்கள். கொழுந்து பறித்தவர்களுக்கு அந்தக் காட்சி எப்படித் தோன்றியிருக்குமோ!

சாதாரண தூண்டிலில் ஈயமோ இரையோ பாரமாக இருந்து கயிற்றை இழுத்துக்கொண்டு போகும். ஈத் தூண்டிலில் இறகுக்குப் பாரமே இல்லை. அதனை எவ்வளவு பலமாக எறிந்தாலும் காலடியிலேயே விழும். ஆகவே கயிற்றையே பாரமாகச் செய்கிறார்கள். தடியைப் பின்னே வீசிக் கயிற்றைக் காற்றில் விரித்து, அது முழுதாக நீண்டதும் முன்னே வீசுகிறார்கள். கயிறு பறக்கிறது, இறகு அதன் பின்னால் போகிறது.

ஆற்றில் இது நளினமான கலை. கடலுக்கு வந்ததும் பழைய கருவிகள் திணறின. பட்டுக் கயிறு ஊறிப்போகும். ஒவ்வொரு நாளும் உலர்த்தி நெய்ப்புப் பூசவேண்டும். இரும்பு முள் துருவேறும். கடற்காற்று வீசிய கயிற்றை முகத்திலேயே கொண்டுவந்து அறையும். இரண்டாம் உலகப்போருக்குப் பின்னர்தான் பைபர்கிளாஸ் தடியும், நைலோன் நரம்பும், பிளாஸ்ரிக் பூசிய கயிறும், துருவேறாத உருக்கு முள்ளும் பரவின. 1970களில் கிறபைட் தடி வந்தது. இடக்கையால் கயிற்றை இருமுறை சுண்டி இழுத்து அதன் வேகத்தைக் கூட்டும் உத்தி இல்லாவிட்டால் கடற்காற்றை வெல்லமுடியாது என்றார் நண்பர்.

இந்த மாற்றத்தின் பெரிய ஆசான்களில் ஒருவர் லெஃப்டி கிறே. 1925 இல் பிறந்து 2018 இல் மறைந்த அமெரிக்கர். அவரைப்பற்றி அறிந்தபோது எனக்கு மகிழ்ச்சி. ஏனெனில் அவரும் பத்திரிகைக்காரர். 'பால்ரிமோர் சன்' நாளிதழில் நீண்டகாலம் பத்தி எழுதியவர். பத்தி எழுதியும் தூண்டில் போட்டும் ஒரு மனிதர் நிறைவாக வாழ்ந்திருக்கிறார்! ஆற்று மீனவர் தடியைக் கடிகார முட்களைப்போல் பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையில் மட்டுமே ஆட்டவேண்டும் என்ற மரபை அவர் உடைத்தார்; தடியை நன்றாகப் பின்னே கொண்டுபோகச் சொன்னார். ஆனால் அவர் கட்டிய, 'டிசீவர்' என்ற பெயர்பெற்ற தூண்டில் வெறும் சேவல் இறகும் மானின் வால்மயிரும்தான். இறகுகள் வீசும்போது முள்ளில் சுற்றிச் சிக்காதவாறு அவற்றைப் பின்தள்ளிக் கட்டியதே அவர் செய்த புதுமை. 1991 இல் அமெரிக்கத் தபால் துறை அதனை முத்திரையில் அச்சிட்டது.

நாங்கள் தேடிப்போன மீன் 'போன்ஃபிஷ்'. முழங்கால் அளவு நீரில், சாதாளை படர்ந்த தரையில் தலையைக் கவிழ்த்து இறாலும் நண்டும் கிளறித் தின்பது. அதன் உடல் கண்ணாடி போன்றது. தரையின் நிறத்தை அப்படியே காட்டும். மீன் தெரியாது, நிழல்தான் தெரியும். வழிகாட்டி அமெரிக்கர், ஐம்பது வயதிருக்கும். இயந்திரத்தை நிறுத்திவிட்டு, படகின் பின்புறத்து மேடையில் ஏறி, நீண்ட கோலை ஊன்றி ஓசையின்றித் தள்ளிக்கொண்டு போனார். எனக்கு உடல் சிலிர்த்தது. பண்ணைப் பாலத்தால் போகும்போதெல்லாம் கோல் ஊன்றிப் போகும் வள்ளங்களைப் பார்த்திருக்கிறேன். அதே வற்றுநீர், அதே சாதாளை மணம்.

"ஆடாமல் இருங்கோ ஐயா. நிழல் விழுந்தால் ஓடிடும்" என்று நண்பர் மெல்லிய குரலில் சொன்னார். வழிகாட்டி மீனைக் காண்பதற்கு ஒரு கணம் முன்னரே அவர் கண்டுவிட்டார். விலையுயர்ந்த கறுப்புக் கண்ணாடி நானும்தான் அணிந்திருந்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

முதல் மீன் தப்பியது. அது இறகைக் கௌவியதும் நண்பர் தடியை மேலே தூக்கினார். இறகு நீரைவிட்டுத் துள்ளியெழுந்தது. கனடாவின் ஆறுகளில் ட்ரவுட் பிடித்துப் பழகியவர். அங்கே தூக்குவதுதான் முறை. வழிகாட்டி அதட்டினார். தடியைத் தூக்காதே, கயிற்றைக் கையால் இழு என்றார். தடியின் நுனி மென்மையானது. தூக்கினால் வளைந்து விசையை விழுங்கிவிடும். கையால் நேராக இழுத்தால் முள் ஏறும். ஏறாவிட்டாலும் இறகு ஓரடிதான் நகர்ந்திருக்கும், மீன் திரும்பவும் கௌவும்.

நண்பர் தடியை மடியில் வைத்துக்கொண்டு சிறிதுநேரம் பேசாதிருந்தார். பின்னர் சொன்னார்: "இதைத்தான் ஐயா அப்பு சொன்னவர்."

அவருடைய தகப்பனார் கைத்தூண்டில்காரர். ஏழு வயதிலிருந்து மகனைக் கூட்டிப்போனவர். 1990 யூனில் போர் மீண்டும் மூண்டு கடல் மூடப்பட்டபோது மகனுக்குப் பதினைந்து வயது. பாடம் அத்துடன் நின்றது. மகன் கனடா போய்ச் சேர்ந்தார். சமாதான காலத்தில், 2003 இல், முதன்முறையாக ஊர் திரும்பியவர் தன் கிறபைட் தடியையும் குழாயில் போட்டுக் கொண்டுவந்தார். வழியில் ஒரு சோதனைச் சாவடியில் அது ஆயுதமில்லையென்று விளக்க அரைமணிநேரம் பிடித்ததாம். கரையில் நின்று வீசிக்காட்டினார். கிழவர் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தம்பி, இதிலை ஈயம் எங்கை?" என்று கேட்டாராம்.

கயிறுதான் ஈயம் என்று மகன் விளக்கினார். கிழவர் கயிற்றை விரல்களுக்கிடையில் உருட்டிப் பார்த்தார். இறகை மணந்து பார்த்துச் சிரித்தார். "மீன் கொத்தினால் என்ன செய்வாய்?" என்றார். மகன் தடியைத் தூக்கிக் காட்டினார். கிழவர் தடியை வாங்கி மணலில் போட்டுவிட்டு, கயிற்றைக் கையில் பிடித்துச் சுண்டி இழுத்தார். "தடியாலை எறி. ஆனால் கையாலை இழு. மீன் என்ன செய்யுதெண்டு கைக்குத்தான் தெரியும்."

"கிழவனுக்கு இது விளங்கேல்லை எண்டு நினைச்சன் ஐயா" என்றார் நண்பர். தகப்பனார் 2005 இல் காலமானார்.

2003 இல் நானும் யாழ்ப்பாணம் போயிருந்தேன். மீன்பிடித் தடை தளர்வு குறித்து ஒரு நீண்ட கட்டுரை எழுதினேன். பலர் பாராட்டினார்கள். அதில் எத்தனையோ புள்ளிவிபரங்கள். அந்தக் கரையில் அன்று நின்றிருந்தால் ஒன்றையாவது உருப்படியாக எழுதியிருப்பேன்.

நண்பகலுக்குச் சற்றுமுன் இரண்டாவது நிழல் வந்தது. இம்முறை கட்டியிருந்தது மணிச்சங்கிலியின் இரு மணிகளைக் கண்களாக வைத்த சிறு இறகு. மணிகளின் பாரத்தால் அது கவிழ்ந்து, முள் மேல்நோக்கியவாறு இறங்கும், சாதாளையில் சிக்காது. நண்பர் வீசினார். அது நிழலுக்கு முன்னே, ஒரு முழத்தில் விழுந்தது. இழுத்தார், நிறுத்தினார், இழுத்தார். பிறகு நான் கண்டது கையை மட்டும். இடதுகை இடுப்பை நோக்கி ஒருமுறை சுண்டியது. கயிறு கீச்சென்று ஓடத் தொடங்கியது. ஏறத்தாழ நூறு யார் ஓடியிருக்கும்.

கரையோரம் வந்த மீன் ஆறு இறாத்தல் மட்டில் இருக்கலாம். அதனை நீரைவிட்டு எடுக்காமலே முள்ளைக் கழற்றினார். புளோரிடாவில் 2013 செப்ரெம்பரிலிருந்து இம்மீனைப் பிடித்தால் விட்டுவிடவேண்டும் என்பது சட்டம். தலையை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்துக்கொண்டு, அது மூச்சு வாங்கும்வரை காத்திருந்து விட்டார்.

"அப்பு இருந்தால் என்ன சொல்லுவார் ஐயா?"

"கறிக்கு என்ன வழி எண்டு கேட்டிருப்பார்" என்றேன்.

சிரித்தார். கையை முகர்ந்து பார்த்தார், கழுவவில்லை.

நீர் பெருகத் தொடங்கியிருந்தது. அடுத்து எங்கே போகலாம் என்று வழிகாட்டி தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நண்பர் எழுந்து நின்று, காற்று வரும் திசைக்கு முகத்தைக் கொடுத்து, நீரின் நிறம் மாறும் ஓரிடத்தைக் கைகாட்டினார். வழிகாட்டி அவரை ஒருமுறை பார்த்தார். பின்னர் ஒன்றும் பேசாமல் அப்பக்கமாகக் கோலை ஊன்றினார்.