புகை வராத வயர்கள்

2022 மார்ச் மாதத்தின் கடைசி நாட்கள். பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் இல்லை என்று அறிவித்திருந்தார்கள். நோன்புக்கு மூன்று நான்கு நாட்களே இருந்தன. இஷாத் தொழுகை முடிந்து வந்து, மடிக்கணினியின் பற்றரியில் மிச்சமிருந்ததை வைத்துக்கொண்டு விறாந்தையில் உட்கார்ந்திருந்தேன். சாய்மனைக் கதிரையில் கிடந்த வாப்பா மெல்ல எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றார்.

"என்ன மகன் இது, வயரெல்லாம் தொங்குது?"

திரையில் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று வயர்கள் ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்குத் தொய்ந்து கிடந்தன. உண்மையான வயரைப் போலவே, இழுத்தால் நீளும், விட்டால் தொங்கும்.

"ஒரு மெசின் வாப்பா. வெளியில இல்ல. கொம்பியூட்டருக்குள்ள மட்டும்தான் இருக்கு."

"இல்லாத மெசினுக்கு எதுக்கு இவ்வளவு வயர்?"

அன்றிரவு அவருக்கு நான் சொன்ன பதில் சரியாக வரவில்லை. பிறகு யோசித்துப் பார்த்ததையே இங்கே எழுதுகிறேன்.

அந்த மெசினின் மூத்த வடிவம் 1964இல் பிறந்தது. நியூயோர்க் மாநிலத்தின் ட்ரூமன்ஸ்பேர்க் என்ற சிற்றூரில் றொபேர்ட் மோக் என்பவர், ஹேர்பேர்ட் டொய்ச் என்ற இசையமைப்பாளரோடு சேர்ந்து அதைச் செய்தார். (பெயரைப் பலரும் 'மூக்' என்று வாசிக்கிறார்கள். அவர் தன்னை 'மோக்' என்றே சொல்லிக்கொண்டார்.) அலையை உண்டாக்க ஒரு பெட்டி, அதை வடிகட்ட ஒரு பெட்டி, கூட்டிக் குறைக்க ஒரு பெட்டி. ஒவ்வொன்றும் தனித்தனி. வயரால் இணைத்தால்தான் சத்தம் வரும். இதைத்தான் மொடியூலர் சிந்தசைசர் என்கிறார்கள். அதன் மையத்திலுள்ள யோசனை மிக எளிமையானது: சத்தமும் வோல்ற்றேஜ்தான், சத்தத்தை ஆட்டுவிப்பதும் வோல்ற்றேஜ்தான். ஒரு வோல்ற் கூட்டினால் சுருதி ஒரு ஸ்தாயி ஏறும். ஆகவே எந்தப் பெட்டியின் வெளியீட்டையும் எந்தப் பெட்டியின் வாய்க்குள்ளும் செருகலாம். சரி, பிழை என்று எதுவும் இல்லை. அதே காலத்தில் சான் பிரான்சிஸ்கோவில் டொன் பூக்லா என்பவரும் இதே வேலையை வேறொரு விதமாகச் செய்துகொண்டிருந்தார். அவர் பியானோவின் கறுப்பு வெள்ளைக் கட்டைகளை வைக்க மறுத்து, விரலால் தொடும் உலோகத் தகடுகளை வைத்தார். 1967இல் மோர்ட்டன் சபோட்னிக் அந்தக் கருவியில் ஓர் இசைத்தட்டையே செய்தார்.

மோக்கின் கதையில் எனக்குப் பிடித்த பகுதி வேறு. அவருடைய தகப்பனார் ஒரு மின்சாரக் கம்பனியில் பொறியியலாளர். வீட்டின் நிலக்கீழ் அறையில் மகனுக்கு ஈயம் பற்றவைக்கப் பழக்கியவர் அவர்தான். 1954இல், பத்தொன்பது வயதில், தெரமின் என்ற கருவியைச் செய்வது எப்படி என்று ஒரு வானொலிச் சஞ்சிகையில் மோக் கட்டுரை எழுதினார். தகப்பனும் மகனும் அதைச் செய்து விற்றார்கள்.

எங்கள் வீட்டிலும் ஒரு மேசை இருந்தது. வாப்பா கொழும்பில் ஒரு கடையில் றேடியோ திருத்தப் பழகி, எழுபதுகளில் சாய்ந்தமருதுக்குத் திரும்பிவந்து சொந்தமாகக் கடை போட்டார். நான் பக்கத்தில் ஸ்டூலில் இருந்து பார்த்திருக்கிறேன். பழகவில்லை. ஏ. எல். படிக்க வேண்டும், அரசாங்க உத்தியோகம் எடுக்க வேண்டும் என்று உம்மா சொன்னதை வாப்பாவும் ஏற்றுக்கொண்டார். நானும் விரல் சுடாமல் தப்பிக்கொண்டேன். 2004 டிசம்பரில் கடல் வந்து கடையை எடுத்துக்கொண்டது. மேசை, மீற்றர், திருத்தக் கொடுத்தவர்களின் செற்றுகள் எல்லாம் போயின. அவருடைய சேர்க்கிட் கொப்பி மட்டும் வீட்டு அலுமாரியில் இருந்ததால் தப்பியது. அதற்குப் பிறகு அவர் கடை திறக்கவில்லை. இப்போது கை நடுங்குகிறது, அயனைப் பிடிக்க முடியாது.

ரொறன்ரோவில் இருக்கும் என் மச்சான் உண்மையான மொடியூல்களை ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்ப்பவன். நான் கணினியில் இதைச் செய்கிறேன் என்றதும் தொலைபேசியில் சிரித்தான். "அது பிளாஸ்ரிக் பூ மச்சான். மணக்காது" என்றான். கோபம் வந்தது. ஆனால் அவன் சொன்னதில் எவ்வளவு உண்மை என்று பார்க்காமல் கோபப்படுவதும் நியாயமில்லை.

உண்மை இருக்கத்தான் செய்கிறது. மோக்கின் வடிகட்டியில் ட்ரான்சிஸ்டர்கள் சோடி சோடியாக ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, இடையில் கப்பாசிற்றர்கள் படிகளைப்போல் நிற்கும். வரைபடத்தில் பார்த்தால் ஏணிதான். அதற்கு 1969இல் காப்புரிமை கிடைத்தது. இந்த ஏணியில் வெளியே வரும் சத்தத்தின் ஒரு பங்கு அதே கணத்தில் உள்ளே திரும்பிப் போகிறது. மின்சாரத்துக்கு இது சாதாரணம். கணினிக்கோ இது பெரும் சங்கடம். அது ஒரு செக்கனை 44,100 துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் விடை காண்கிறது. இந்தத் துண்டின் விடையைக் காண இதே துண்டின் விடை வேண்டும். ஆரம்பத்தில் முந்திய துண்டின் விடையைப் போட்டுச் சமாளித்தார்கள். அதனால் வடிகட்டி விசிலடிக்கும் இடத்தில் சுருதி விலகியது. அதோடு ட்ரான்சிஸ்டர் நேர்கோட்டில் நடப்பதும் இல்லை, சத்தம் கூடக்கூட வளைந்துகொடுக்கும். ஒவ்வொரு படியிலும் அந்த வளைவைக் கணக்கில் எடுக்கும் வழியை 2004இல் அன்ரி ஹுவோவிலைனன் எழுதினார். அதன் பிறகு வந்தவர்கள் சமன்பாட்டையே நேரடியாகத் தீர்க்கத் தொடங்கினார்கள். இன்னொரு கரைச்சலும் உண்டு. அந்த 44,100இல் பாதிக்கு மேற்பட்ட அதிர்வெண்ணைக் கணினியால் வைத்துக்கொள்ள முடியாது. அது மடிந்து கீழே வந்து, சேராத ஸ்வரமாக ஒலிக்கும். நல்ல மென்பொருள் இதை அடக்கும், மலிவாக எழுதப்பட்டது அடக்காது. கேட்டுப் பழகிய காது கண்டுபிடித்துவிடும்.

ஆக, பழைய மென்பொருள்களைப் பற்றி மச்சான் சொன்னது சரி. இப்போதுள்ளவற்றைப் பற்றி அவனுக்குக் காது சொன்னதா, அவன் கொடுத்த விலை சொன்னதா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. 2015இல் மோக் கம்பனி தன் பழைய பெரிய மொடியூலர் ஒன்றை மறுபடி செய்தது. 55 மாத்திரம், ஒன்று 35,000 டொலர். அந்த 2022 மார்ச்சில் டொலர் 200 ரூபாவிலிருந்து 300ஐ நோக்கி ஓடிக்கொண்டிருந்தது, ஒரு கோடிக்கு மேல் வருகிறது. பிரான்சின் ஆர்ட்டூரியா நிறுவனம் 2003இல் மோக்கின் ஒப்புதலோடு அவருடைய மொடியூலரை மென்பொருளாக வெளியிட்டது. 2005இல் அவர் காலமானார். நான் வைத்திருப்பது அதுவும் இல்லை. 2017இல் அன்ட்ரூ பெல்ட் என்பவர் வெளியிட்ட 'விசிவி றாக்'. இலவசம். எழுதிய நிரலையும் திறந்துவைத்திருக்கிறார். அதனோடு வரும் வடிகட்டி மோக்கின் ஏணியைக் கணக்குப்போட்டுத்தான் ஓடுகிறது.

பழைய இயந்திரங்களையும் புனிதமாக்கத் தேவையில்லை. அறை சூடானால் சுருதி விலகும். ஒரே நேரத்தில் ஒரு ஸ்வரம்தான். 1968இல் வெண்டி கார்லோஸ் பாக்கின் இசையை மோக்கில் வாசித்து மூன்று கிராமி விருதுகளைப் பெற்ற இசைத்தட்டு, ஒவ்வொரு குரலையும் தனித்தனியாக, துண்டு துண்டாக நாடாவில் பதிந்து அடுக்கியது. இடையில் சுருதி போனால் நிறுத்தித் திருத்தி மறுபடி. வயர்களைக் கழற்றினால் அந்தச் சத்தம் போய்விடும், தாளில் வரைந்து வைத்திருந்தால்தான் உண்டு. இப்போது பல மென்பொருள்களில் அந்தச் சுருதி விலகலையே வேண்டுமென்று சேர்ப்பதற்கு ஒரு திருகி இருக்கிறது. குறையையும் தேடி வாங்கும் காலம் இது.

வாப்பாவிடம் இந்த நகல் விஷயத்தைச் சொன்னேன். அவர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அவருடைய கடையில் அசல் பாகம் கிடைத்த நாட்கள் குறைவு. ஜேர்மன் செற்றில் போன ட்ரான்சிஸ்டருக்கு 'ஈக்குவலன்ட்' புத்தகத்தைப் பார்த்து ஜப்பான் ட்ரான்சிஸ்டர் போடுவார். "புத்தகம் ஒண்டு எண்டு சொல்லும். போட்டுச் சூடாக்கிப் பார்த்தாத்தான் தெரியும், ஒண்டா இல்லையா எண்டு" என்பார்.

அவருடைய ஆட்சேபம் வேறு இடத்தில் இருந்தது. இதிலே எந்த வயரை எங்கே செருகினாலும் ஒன்றும் எரியாது, பயமில்லாமல் படிக்கலாம் என்று நான் பெருமையாகச் சொன்னேன்.

"புகை வராட்டி எப்பிடி மகன் படிக்கிற? ஒருக்கா புகைஞ்சா சாகுமட்டும் மறக்காது."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. புகைக்குப் பயந்து படிக்காமல் விட்டவன் நான்தான். அந்தப் பயம் இல்லாத ஓர் இடத்தில்தான், நாற்பத்தைந்து வயதில், வடிகட்டி என்றால் என்ன, பின்னூட்டம் என்றால் என்ன என்று எனக்கு விளங்கியது. வாப்பாவின் கொப்பியைத் திறந்து ஒரு பக்கத்தையாவது வாசிக்க முடிந்ததும் அதற்குப் பிறகுதான்.

இசை ஆகுமா ஆகாதா என்ற விவாதத்தை இங்கே தொடங்க எனக்கு விருப்பமில்லை. அன்றிரவு நாங்கள் செய்தது இசையும் அல்ல. பழைய றேடியோவில் முள்ளைத் திருப்பும்போது இரண்டு நிலையங்களுக்கு நடுவே ஒரு விசில் கீழிறங்கி, மறைந்து, மறுபடி ஏறுமே, அதை இதில் செய்ய முடியுமா என்று வாப்பா கேட்டார். அவருடைய கை மௌஸில் நிற்கவில்லை. அவர் சொன்னார், நான் செருகினேன்.

முதலில் கரகரப்பு, அதை ஏணி வடிகட்டிக்குள். பிறகு இரண்டு அலைகள், சுருதி கிட்டக்கிட்ட. நான் இரண்டையும் ஒரு கலவைப் பெட்டிக்குள் விட்டேன். விசில் வரவில்லை.

"கூட்டாத. பெருக்கு. றேடியோவுக்குள்ள நடக்கிறது பெருக்கல்தான்."

இரண்டு உள்ளீடுகளைப் பெருக்கும் மொடியூலைத் தேடிப் போட்டேன். ஒரு அலையின் சுருதியை மெல்லத் திருப்பியதும் விசில் இறங்கி வந்தது. அப்படியே அடியில் போய் மறைந்தது. காதுக்கருவியின் ஒரு பக்கம் அவரிடம், மறுபக்கம் என்னிடம்.

"மேல ஒண்டு நிக்கும், ரெண்டும் கூடின சத்தம். அதையும் வடிகட்டியால வெட்டு."

இருந்தது. ஊசிபோல மெல்லியதாக, விசிலுக்கு மேலே, அசையாமல்.

"உங்களுக்குக் கேட்குதா வாப்பா?"

"எனக்கு அந்த உயரம் இப்ப கேட்காது. ஆனா இருக்கும். பாரு."

வடிகட்டியை இறக்கினேன். ஊசி போய்விட்டது. அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை, அவருக்கு முன்பிருந்த அதே சத்தம்தானே. நான் தலையாட்டியதைப் பார்த்து அவரும் தலையாட்டினார்.

இந்த மென்பொருள் பற்றரியைத் தின்னும். கொஞ்ச நேரத்தில் திரை அணைந்தது. இருட்டில் இருவரும் சும்மா இருந்தோம். இதுவும் நிலைக்காது என்று அவரிடம் சொல்ல நினைத்து, சொல்லவில்லை. 2019இல் அப்பிள் தன் கணினிகளின் புதிய பதிப்பில் 32-பிட் மென்பொருள்களை ஏற்காமல் விட்டபோது நன்றாக ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ நகல்கள் ஒரே நாளில் ஊமையாயின. அறுபதுகளின் பெட்டிகள் சில இன்றும் ஈயம் வைத்தால் பாடுகின்றன. மச்சான் இதைச் சொல்லியிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

மின்சாரம் எப்போது வந்தது என்று தெரியாது. சுபஹுக்குப் பிறகு கணினியைப் போட்டேன். அணையுமுன் இருந்தபடியே எல்லாம் வந்தன. ஒரு வயரும் கழன்றிருக்கவில்லை. வாப்பா பிளேன்ரீக் கோப்பையோடு வந்து, காதுக்கருவியைத் தானே எடுத்து மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டார்.

"அந்த மஞ்சள் வயர் பிழையான இடத்தில கிடக்கு."

"நீங்க சொன்ன இடத்திலதான் வாப்பா போட்டது."

"அப்ப நான் சொன்னது பிழை" என்றார், கதிரையை இழுத்துப் போட்டபடி. "கழட்டு."