நாலு சக்கரமும் ஒன்றாக இருக்கட்டும்

கீழ்ப்பழனி மலையில் ஐப்பசி, கார்த்திகை வந்தால் மழையும் காபி எடுப்பும் ஒன்றாகத்தான் வரும். தாண்டிக்குடி பக்கத்தில் ஐந்து ஏக்கரில் காபி, மிளகு, மலைவாழை வைத்திருக்கும் விவசாயி ஒருவருக்கு அதுதான் ஆண்டுதோறும் தலைவலி. தோட்டத்திலிருந்து தார் ரோட்டுக்கு நான்கு கிலோமீட்டர் மண் பாதை. கோடையில் புழுதி, மழையில் களி. ஓடுவது பழைய ஃபோர் வீல் ஜீப்.

முந்தைய வருடம், பறித்த பழத்தோடு ஜீப் ஓடையோரம் புதைந்துவிட்டது. அவரிடம் பல்பர் மிஷின் கிடையாது. ஊருக்குள் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்குத்தான் பழத்தைக் கொண்டுபோக வேண்டும். அராபிகா பழத்தைப் பறித்த அன்றே பல்பரில் போட வேண்டும். இரண்டு ராத்திரி சாக்கிலேயே கிடந்ததில் பழம் சூடேறிப் புளித்துவிட்டது. பார்ச்மென்டாகப் போக வேண்டிய சரக்கு, களத்தில் காய்ந்து, குறைந்த விலைக்கு செர்ரியாகப் போனது.

"இந்த வருஷம் டயரை மாத்தாம பழம் எடுக்க வேண்டாங்க" என்று வீட்டம்மா சொல்லிவிட்டார்.

டவுனுக்குப் போனார்கள். கடையில் பெரிய பெரிய பட்டன் வைத்த மட் டயர்தான் முதலில் கண்ணில் பட்டது. விலையைக் கேட்டதும் அவர் தயங்கினார். கூட வந்த மச்சினன் வழி சொன்னான்.

"மாமா, பின்னாடி ரெண்டு மட்டும் போட்டா போதும். முன்னாடி பழசே ஓடட்டும்."

"அதுவும் சரிதான் மாப்ளே" என்று இரண்டை மட்டும் வாங்கி மாட்டினார்.

சேற்றில் வண்டி நன்றாகத்தான் ஏறியது. பட்டன்களுக்கு நடுவே இடைவெளி அகலம் என்பதால், சக்கரம் சுழலும்போதே களி உதிர்ந்துவிடும். அடுத்த சுற்றுக்குப் பட்டன் மறுபடி மண்ணைப் பிடிக்கும். சாதாரண ரோடு டயரில் களி அப்பிக்கொண்டு டயரே வழவழப்பாகிவிடும். இதுவரை கடைக்காரர் சொன்னதெல்லாம் உண்மை.

வம்பு வந்தது தார் ரோட்டில். அன்று மழை. பழமூட்டைகளும், எடுப்புக்கு வந்த நான்கு பெண்களும் பின்னால். மழைதானே என்று ஃபோர் வீலிலேயே ஓட்டினார். ஸ்டீயரிங் இறுகியது. அடியில் கடகடவென்று சத்தம். கொண்டை ஊசி வளைவில் பிரேக்கை மிதித்தபோது பின்பக்கம் வழுக்கி, பள்ளத்துப் பக்கக் கல்லில் போய் முட்டி நின்றது. யாருக்கும் அடியில்லை. ஆனால் மறுநாள் காலையில் அந்தப் பெண்கள் ஜீப்பில் ஏறவில்லை.

"நாங்க நடந்தே வர்றோம்ணே" என்றார்கள். அவருக்குப் பதில் சொல்ல வாயில்லை.

முப்பது வருடம் போடி மெட்டில் ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஓட்டிய பெரியவர் ஒருவர் ஊரில் உண்டு. அவரிடம் போய் விஷயத்தைச் சொன்னார்.

"தம்பி, இந்த மாதிரி பழைய ஜீப்பில ஃபோர் வீல் போட்டா, முன் ஆக்ஸிலும் பின் ஆக்ஸிலும் ஒண்ணாப் பூட்டின மாதிரி ஆயிடும். பின்னாடி புது டயர், பட்டன் உயரம். முன்னாடி தேஞ்ச டயர், சுற்றளவு கம்மி. ரெண்டும் ஒரே தூரத்தை உருளாது. சேத்துல வழுக்கிச் சமாளிச்சுக்கும். தார்ல வழுக்க இடமில்லாம கியர் பெட்டி முறுக்கிக்கும்" என்றார்.

"அப்ப தார்ல ஃபோர் வீலே போடக் கூடாதாண்ணே?"

"பிடிப்பு இருக்கிற ரோட்டுல போடாதே. நாலு டயரும் ஒரே அளவு, ஒரே பட்டன், ஒரே தேய்மானமா இருக்கணும். இன்னொண்ணு, மட் டயர் ஈரத் தார்ல தரையைத் தொடுற பரப்பு குறைவு. பிரேக் பிடிச்சா தள்ளிப்போய்த்தான் நிக்கும். வருஷத்துல உனக்கு எத்தனை நாள் சேறு?"

அவர் விரல் விட்டு எண்ணினார். மூன்று மாதம். அந்த மூன்று மாதத்திலும் சேறு நான்கு கிலோமீட்டர்தான். மற்றதெல்லாம் மலைத் தார் ரோடு. கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது.

இரண்டு மட் டயரையும், தோட்டத்தை விட்டு வெளியே வராத எஸ்டேட் ஜீப்காரர் ஒருவருக்கு நட்டத்துக்குக் கொடுத்தார். சேற்றுக்கும் தாருக்கும் பொதுவான ஆல் டெரெய்ன் டயர் நான்கு வாங்கினார். வண்டிக்குக் கம்பெனி சொன்ன அளவுதான். பெரிய டயர் போட்டால் வண்டி உயரும். ஆனால் திருப்பும்போது உரசும், ஏற்றத்தில் இழுவையும் குறையும். இந்த முறை டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கத் தேதியையும் பார்த்தார். 2224 என்றிருந்தால் 2024ஆம் ஆண்டின் 22ஆவது வாரம் செய்தது. பல வருடம் கடையில் கிடந்த டயர், புதிதுபோல் தெரிந்தாலும் ரப்பர் கெட்டிப்பட்டிருக்கும். எவ்வளவு பாரம் தாங்கும் என்ற எண்ணையும் கேட்டுக்கொண்டார். மூட்டை ஏற்றும் வண்டிக்கு அது முக்கியம்.

மழை அதிகமான நாளுக்கு இரும்புச் சங்கிலி ஒரு ஜோடி. மண் பாதையில் மாட்டி, தார் ரோடு வந்ததும் கழற்றிவிட வேண்டும். சேற்றில் காற்றைக் கொஞ்சம் குறைத்தாலும் பிடிப்பு கூடும். ஆனால் பாரத்தோடு குறைக்கக் கூடாது. ட்யூப் டயரில் அதிகம் இறக்கினால் டயர் ரிம்மில் நழுவி வால்வு பிய்ந்துவிடும். தார் ஏறும் முன் திரும்பக் காற்றடிக்க வேண்டும்.

மச்சினன்தான் கடைசியில் உருப்படியான யோசனை சொன்னான்.

"மாமா, மூணு இடத்துலதானே மாட்டுது? அங்க தண்ணியை வெளியேத்திட்டா என்ன?"

இருவரும் புரட்டாசியிலேயே மண்வெட்டியோடு இறங்கினார்கள். மேட்டுப் பக்கம் வாய்க்கால் வெட்டி, பாதைக்குக் குறுக்கே சாய்வாகத் தண்ணீர் வடிய வழி விட்டு, ஓடையோரம் கல் பரப்பினார்கள். நான்கு நாள் வேலை.

அந்தக் கார்த்திகையில் பழம் ஒரு நாளும் தங்கவில்லை. முதல் வாரம் அந்தப் பெண்கள் நடந்துதான் வந்தார்கள். ஒரு சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டபோது, மூத்தவர் ஜீப்பைச் சுற்றி வந்து நான்கு டயரையும் கையால் தட்டிப் பார்த்தார்.

"நாலும் ஒண்ணா இருக்கு. ஏறுங்கடி" என்றார்.