கேப்டன் பெரியாச்சி

ராக்கெட் எப்படி வேலை செய்யுதுன்னு ஒரு சின்னப் பிள்ளைக்கு சொல்லணும்னா, எங்க வீட்டு வழி டிபன் கேரியர். கீழ் அடுக்குல இருக்கிற எரிபொருள் தீர்ந்ததும் அந்த டப்பா கழன்று விழும். கனம் குறையும். அடுத்த அடுக்கு பத்திக்கும். உச்சியில இருக்கிற சின்னக் கிண்ணத்துலதான் நாம. பிஎஸ்எல்வி-க்கும் நாலு அடுக்கு, எங்க ஆச்சி வீட்டு கேரியருக்கும் நாலு அடுக்கு. அதனால என் காமிக்ஸ்ல வர்ற விண்கலம் ஒரு டிபன் கேரியர். அதோட கேப்டன், என் அம்மாவைப் பெத்த ஆச்சி. அக்கா பையன் அவங்களை பெரியாச்சின்னு கூப்பிடுவான். புத்தகத்துக்கும் அதே பேரை வச்சாச்சு: 'கேப்டன் பெரியாச்சி'. 24 பக்கம், ஏ5 சைஸ், 60 பிரதி.

காலேஜ்ல கேட்டவங்களுக்கெல்லாம் "சும்மா ஒரு ஹாபி"ன்னு சொல்லிட்டேன். உண்மையில இது ஒரு கேள்விக்கான பதில். கேட்டவனுக்கு வயசு ஆறு.

அவன் அப்பா, அதாவது எங்க அத்தான், கத்தார்ல பைப் வெல்டர். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் லீவு. போன தடவை அவர் கிளம்பின பிறகு பையன் என்கிட்ட கேட்டான்: "மாமா, பிளைட்ல நாலஞ்சு மணி நேரம்தானே? அப்பா ஏன் நாளைக்கு வர முடியாது?" கணக்கு சரிதான். காண்ட்ராக்ட், விசா, ஏஜெண்டுக்குக் கட்டின கடன் இதையெல்லாம் அவனுக்கு எப்படிச் சொல்ல? வீட்ல எல்லாரும் "சீக்கிரம் வந்துருவாங்க"ன்னு சொல்லிட்டே இருந்தாங்க. அந்த 'சீக்கிரத்தை' அவன் நம்புறதை நிறுத்தி ரொம்ப நாளாச்சு.

ஒரு நாள் செவ்வாய்ப் பயணம் பத்தின ஒரு லெக்சர் வீடியோ பாத்துட்டிருந்தேன். பூமி சூரியனைச் சுத்த 365 நாள், செவ்வாய்க்கு 687 நாள். ரெண்டும் ஓடிக்கிட்டே இருக்கிறதால, குறைஞ்ச எரிபொருள்ல இங்க இருந்து அங்க போக ஏத்த நேரம் சுமார் 26 மாசத்துக்கு ஒரு தடவைதான் வரும். அதை விட்டா அடுத்த 26 மாசம் காத்திருக்கணும். எவ்வளவு பெரிய ராக்கெட் வச்சிருக்கிற நாடும் இதுக்கு முன்னாடி கை கட்டித்தான் நிக்குது. 26 மாசம்! கிட்டத்தட்ட அத்தானோட லீவு கணக்கு. வீடியோவை நிறுத்திட்டு ரஃப் நோட்ல முதல் பக்கம் வரைஞ்சேன். கதையில அத்தான் செவ்வாய்ல இருக்கார். தரைக்கடியில இருக்கிற பனிக்கட்டியை உருக்கி, தண்ணி கொண்டுபோற குழாய்க்கு வெல்டிங் வைக்கிறார்.

அக்காவுக்கு இது சுத்தமா பிடிக்கல. "இருக்கிற தூரம் பத்தலையா? என் புருஷனை வேற கிரகத்துக்கே அனுப்பிட்டியா?"ன்னு கேட்டா. ரெண்டு நாள் பேசல. அவ கோபம் நியாயமானதுதான். ஆனா பையனுக்கு வேண்டியது சின்ன தூரம் இல்ல, காரணம்னு எனக்குத் தோணுச்சு. அப்பா வராம இருக்கிறது அப்பாவோட விருப்பம் இல்லன்னு புரியற மாதிரி ஒரு காரணம்.

மொழி எதுன்னு முடிவு பண்றதுக்குத்தான் அதிக நாள் ஆச்சு. நான் படிச்சது இங்கிலீஷ் மீடியம். ஸ்கூல் லைப்ரரியில கிடைச்சது டின்டின். மனுஷன் நிலாவுல கால் வச்சது 1969-ல. அதுக்கு எவ்வளவோ முன்னாடி, 1950-லயே டின்டினோட நிலாப் பயணம் தொடரா வர ஆரம்பிச்சிருச்சு. தமிழ்ல 1972-லயே முத்து காமிக்ஸ் வந்ததும், சிவகாசியில இருந்து இரும்புக்கை மாயாவி கிளம்பினதும் எனக்குத் தெரிஞ்சது காலேஜ் வந்த பிறகுதான். என் மனசுல வசனம் எல்லாம் இங்கிலீஷ்லதான் ஓடும். பையனும் இங்கிலீஷ் மீடியம். ஆனா ராத்திரி அவனுக்குக் கதை சொல்றது பெரியாச்சி. அஞ்சாம் வகுப்பு வரை படிச்சவங்க, பேப்பரை சத்தம் போட்டுத்தான் வாசிப்பாங்க. இங்கிலீஷ்ல எழுதினா கேப்டனுக்கே கதை தெரியாது. ஆகவே தமிழ்.

அதுலயும் எந்தத் தமிழ்? 'சென்றுகொண்டிருக்கிறோம்' ஒரே சொல், பலூனுக்குள்ள அடங்காது, நடுவுல உடைச்சா வாசிக்க முடியாது. 'போயிட்டிருக்கோம்' அடங்குது. பெரியாச்சி வாயில அதுதான் வரும். கண் ஆபரேஷன் பண்ணவங்களுக்காக எழுத்தை வேற பெருசாக்கினேன், அதனால ஒரு பலூனுக்கு அஞ்சாறு சொல்தான். வரைஞ்சது கிரிட்டாவுல, இலவச மென்பொருள். எழுத்து மட்டும் என் கையெழுத்து. (நீங்களும் புத்தகம் போடுறதா இருந்தா ஒண்ணு சொல்லிடறேன்: நடுவுல பின் அடிக்கிற புத்தகத்துல பக்கம் நாலின் மடங்காத்தான் இருக்கணும். என் கதை 22 பக்கத்துல முடிஞ்சிருச்சு. மீதி ரெண்டு பக்கத்துல அதிரசம் செய்முறை.)

முதல் வரைவை பெரியாச்சிகிட்ட வாசிச்சுக் காட்டினேன். குலசேகரப்பட்டினத்துல இருந்து கலம் கிளம்புது. இஸ்ரோவோட ரெண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில அடிக்கல் நாட்டின இடம். ஸ்ரீஹரிகோட்டாவுல இருந்து தெக்கே போற ராக்கெட் இலங்கைக்கு மேல பறக்காம வளைஞ்சு போகணும். குலசையில அந்தச் சுத்து தேவையில்ல. இதையெல்லாம் கேட்டுட்டு, "குலசைன்னா எல்லாரும் தசரா வேஷம் கட்டிட்டா போறோம்?"னாங்க. விண்வெளி உடை போட்ட படத்தைப் பாத்தா அப்படித்தான் இருந்துச்சு, விட்டுட்டேன். அடுத்த பக்கம், முதல் டப்பா கழன்று கடல்ல விழுது. பெரியாச்சி கண்ணாடியைக் கழட்டிட்டாங்க.

"எவர்சில்வர் டப்பாவ கடல்ல வீசிட்டுப் போவேனால நான்?"

பேசிப் பாத்தேன், நடக்கல. 2015 டிசம்பர்ல ஸ்பேஸ்எக்ஸ் தன்னோட ராக்கெட் கீழ் அடுக்கைத் தரையில நிமிர்த்தி இறக்கினது ஞாபகம் வந்துச்சு. இப்ப கதையில ஒவ்வொரு டப்பாவும் ஒழுங்கா வீட்டு முற்றத்துல வந்து இறங்கும், அம்மா கழுவிக் கவுத்து வைப்பாங்க.

எனக்குப் பிடிச்சது 14-ஆம் பக்கம். செவ்வாய்க்கு ரேடியோ அலை போய்ச் சேர, தூரத்தைப் பொறுத்து 3 நிமிஷத்துல இருந்து 22 நிமிஷம் வரை ஆகும். நான் 12-னு வச்சுக்கிட்டேன். பையன் "அப்பா, சாப்டீங்களா?"ன்னு கேக்குறான். அதுக்கப்புறம் ஆறு கட்டம் வசனமே இல்ல. முறுக்கு தின்றான், ஷூ லேஸ் கட்டுறான், அவிழ்க்கிறான், பூனையை வரையறான், தூங்கி வழியுறான், எழுந்திருக்கான். கடைசிக் கட்டத்துல பதில்: "சாப்டேன்ல. நீ சாப்டியா?" அக்கா இந்தப் பக்கத்தைப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம உள்ள போயிட்டா. அன்னைக்கு ராத்திரி என் தட்டுல ரெண்டு தோசை கூடுதலா இருந்துச்சு.

ஆனா முடிவுல மறுபடியும் சண்டை. அத்தான் வீட்டு வாசல்ல வந்து நிக்கிற மாதிரி முடின்னா அக்கா. லீவுக்கு இன்னும் பதினாலு மாசம் இருக்கு, இவன் தினமும் ராத்திரி அந்தக் கடைசிப் பக்கத்தைப் பாத்துட்டு காலையில வாசலைப் பாப்பான்னு நான் சொன்னேன். இதுக்கும் கணக்குதான் கை கொடுத்துச்சு. செவ்வாய்ல இறங்கினா உடனே திரும்ப முடியாது. ரெண்டு கிரகமும் சரியான இடத்துக்கு வர ஒரு வருஷத்துக்கு மேல அங்கயே இருக்கணும். ஆக, பெரியாச்சி போய் இறங்குறாங்க, அத்தானைப் பாக்குறாங்க, "சரி, அதுவரைக்கும் இங்கயே இருப்போம்"னு அடுப்பைப் பத்த வைக்கிறாங்க. தொடரும்.

பையன் முதல்ல கேட்டது, "செவ்வாய்ல பெரியாச்சி என்ன சமைப்பாங்க?" நாளைக்கு ஏன் வரலைன்னு அதுக்கப்புறம் கேக்கல. காலண்டர்ல மட்டும் மாசத்துக்கு ஒரு வட்டம் போடுறான். வீடியோ கால்ல அத்தான் ஏதாவது கேட்டா உடனே பதில் சொல்றதில்ல, கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருக்கான். நெட் போயிருச்சுன்னு அவர் "ஹலோ, ஹலோ"ங்குறார். இவன் விரலைத் தூக்கி, "இருங்கப்பா, இன்னும் வந்து சேரல" என்கிறான்.

அத்தானுக்கு பிடிஎஃப் அனுப்பினேன். அவர் ரூம்ல இருக்கிறவங்க எல்லாரும் போன்லயே வாசிச்சாங்களாம். ஒருத்தர், நாமக்கல் பக்கம், தன் பொண்ணு பேரைச் சொல்லி அவளையும் கலத்துல ஏத்த முடியுமான்னு கேட்டார். அப்புறம் இன்னொருத்தர். ரெண்டாவது புத்தகத்துக்கு இதுவரை ஏழு பிள்ளைங்க பேர் வந்திருக்கு. டிபன் கேரியருக்கு அஞ்சாவது அடுக்கு வரைஞ்சிட்டிருக்கேன்.