ஊர்ப் பெயர் சொன்ன பாட்டு

ஒரு பாட்டுக்குள் ஊரின் பெயர் இருந்தால் என்ன நன்மை என்று எண்ணிப் பார்த்ததுண்டா? அமெரிக்காவில் மறைந்து கிடந்த ஒரு பாடகரை உலகம் கண்டுபிடித்ததே அப்படி ஒரு பெயரால்தான். தோட்டத்துப் பிள்ளைகளான நமக்கு அவர் வாழ்க்கை அந்நியமன்று.

மிசிசிப்பி ஜான் ஹர்ட் என்பது அவர் பெயர். அவலான் என்னும் சிற்றூரில், பிறர் நிலத்தில் பருத்தி விளைத்து, விளைச்சலில் பங்கு கொடுத்துப் பிழைத்த கறுப்பின உழைப்பாளி. கித்தார் வாசிக்கத் தாமே கற்றுக்கொண்டார். அக்கம்பக்கத்துப் பிடில் கலைஞர் ஒருவரின் சிபாரிசால் 1928-இல் 'ஓக்கே' இசைத்தட்டு நிறுவனம் அவரை மெம்பிசுக்கும் பிறகு நியூயார்க்குக்கும் அழைத்துப் பாட வைத்தது. பாடிய பாட்டுகளுள் ஒன்றில் அவலான் என்ற பெயரை வைத்திருந்தார்.

தட்டுகள் அதிகம் விற்கவில்லை. அடுத்த ஆண்டே உலகப் பொருளாதார மந்தம். இங்கே ரப்பர் விலை விழுந்து, நம் முன்னோரில் பலரைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்களே, அதே மந்தம்தான்! ஹர்ட் மறுபடியும் வயலுக்கே போனார். பிறகு 35 ஆண்டுகள் வெளியுலகம் அவரை அறியவில்லை.

1963-இல் டாம் ஹாஸ்கின்ஸ் என்ற இளைஞர் அந்தப் பழைய பாட்டைக் கேட்டார். அவலான் எங்கே இருக்கிறது என்று பழைய நிலப்படத்தில் தேடினார். நேரே போய் விசாரித்தார். ஹர்ட் உயிரோடு இருந்தார்! அவரிடம் கித்தார்கூட இல்லை. வந்தவர் கொடுத்த கித்தாரில் விரல்கள் பழையபடி ஓடின.

அதே ஆண்டில் அவர் பாடிய நீளத்தட்டு வெளிவந்தது. ஒரு குரல், ஒரு கித்தார், வேறு வாத்தியம் இல்லை. கட்டைவிரல் தாளம் பிடிக்க, மற்ற விரல்கள் மெட்டை எடுக்கும். திண்ணையில் உட்கார்ந்து பேசுவது போன்ற மெல்லிய குரல். மேலாளிடம் சம்மட்டியைக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டும் இரும்புப்பாதைத் தொழிலாளியின் பாட்டும் அதில் உண்டு. நம் கங்காணிமார் காலம் நினைவுக்கு வரவில்லையா? நியூபோர்ட் விழாவில் ஆயிரக்கணக்கானோர் அவர் பாட்டைக் கேட்டார்கள். 1966-இல் அவர் மறைந்தார், தட்டு நின்றது.

நான் இருக்கும் சுங்கை வேயைச் சுற்றிலும் முன்பு ரப்பர்க் காடு. இன்று வீடுகள், தொழிற்சாலைகள், நெடுஞ்சாலை. விடியலில் பெரட்டுக்குப் போனவர்களும் மங்கில் பால் சேர்த்தவர்களும் பாடிய பாட்டு எங்கே? என் பாட்டி இழவு வீட்டில் ஒப்பாரி வைத்தால் லயமே அழும். அதைப் பதிவு செய்ய அன்று லயத்தில் கருவி ஏது? அம்மாவுக்கு அதில் இரண்டு அடிதான் நினைவிருக்கிறது.

இன்று ஒவ்வொரு வீட்டிலும் கைப்பேசி இருக்கிறது. உங்கள் வீட்டுப் பாட்டி தாலாட்டு, நடவுப் பாட்டு, ஒப்பாரி எது பாடினாலும் பதிவு செய்யுங்கள். குரல் நடுங்கினால் என்ன, அடி மறந்தால் என்ன! பாடுமுன் தம் பெயரையும், பிறந்த தோட்டத்தின் பெயரையும், யாரிடம் கற்றார் என்பதையும் சொல்லச் சொல்லுங்கள்.

தோட்டம் அழிந்துவிட்டாலும் பாட்டில் அதன் பெயர் இருக்கட்டும். என்றாவது ஒரு பேரப்பிள்ளை அதைப் பிடித்துக்கொண்டு தேடி வருவான்.