வெல்லத்துக்குப் பழகிய மருந்து

மரக்காணத்து இறால் பண்ணைக்காரர் ஒருவருக்கு நான் செய்ததை எழுதுகிறேன். எதையும் குறைத்துச் சொல்லப் போவதில்லை.

நான் நுண்ணுயிரியல் படித்தவன். வீடு மந்தைவெளியில். அடையாறில் ஓர் அறை எடுத்து, வெனாமி இறாலுக்கான ப்ரோபயாடிக் விற்றேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லும் தகுதி எனக்குக் கிடையாது.

ஆரம்பத்தில் முறையாகத்தான் செய்தேன். பேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியாவின் பொடி பாக்கெட் வாங்கி, 200 லிட்டர் டிரம்மில் வெல்லமும் தவிடும் கரைத்துப் பெருக்குவேன். பிறகு பாக்கெட் விலை உறுத்தியது. பழைய டிரம்மிலிருந்து 4 லிட்டர் எடுத்துப் புது டிரம்மில் ஊற்றினேன். நுரைத்துப் பொங்கியது. அம்மா பாலுக்கு உறை ஊற்றுவதும் இப்படித்தானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அந்த உவமை பொய் என்பது எனக்குத் தெரியும். தயிர் பாக்டீரியா பாலிலேயே வாழ்ந்து பாலுக்கென்றே ஆகிவிட்டது. செடிச் சர்க்கரைகளைத் தின்ன உதவும் மரபணுக்கள் பலவற்றைத் தொலைத்துவிட்டது. பாலில் இருக்கும்வரை அதற்கு அது குறையில்லை. என் பேசில்லஸ் போய்ச் சேர வேண்டிய இடம் இறாலின் குடல். நான் வளர்த்ததோ வெல்லத் தண்ணீரில். வாரம் ஒரு தடவை, இரண்டு வருஷம். 50இல் ஒரு பங்கு ஊற்றினால் டிரம் நிறைய ஐந்தாறு தலைமுறை ஆகும். மொத்தம் 600 தலைமுறைக்குக் கிட்டே வருகிறது. அத்தனை தலைமுறையிலும் முந்தியவை வெல்லத்தை வேகமாகத் தின்றவைதான். குடலில் ஒட்டிக்கொள்ளும் திறனுக்கு அந்த டிரம்மில் வேலை இல்லை. வறட்சியைத் தாங்க பேசில்லஸ் உண்டாக்கும் வித்துக்கும் வேலை இல்லை. உணவு குறையாமல் ஆயிரக்கணக்கான தலைமுறை வளர்த்த பேசில்லஸ், வித்து உண்டாக்கும் திறனையே இழந்ததை ஆய்வகங்களில் கண்டிருக்கிறார்கள். இதெல்லாம் படித்தவன் நான்.

பேராசையோடு, படித்ததைக் காட்டும் கர்வமும் சேர்ந்தது. முதல் உலகப்போரில், குடல் நோய் பரவிய இடத்தில் நோயில் விழாத ஒரு சிப்பாயிடமிருந்து ஜெர்மானிய மருத்துவர் ஆல்ஃபிரட் நிஸ்லே 1917இல் ஓர் ஈ.கோலி வகையைப் பிரித்தெடுத்தார். இன்றும் அது ப்ரோபயாடிக்தான். அதை எலிகளுக்குக் கொடுத்து 5 வாரம் கவனித்த ஆய்வு ஒன்று 2019இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸிலிருந்து வெளிவந்தது. எலிக் குடலுக்குள் அந்த பாக்டீரியா மாறியிருந்தது. பண்ணைக்காரர்களிடம் இந்தப் பாதியை மட்டும் சொன்னேன். "உயிர் மருந்து போற இடத்துக்குப் பழகிக்கும்ணே. என்னோடது நம்ம தண்ணிக்கே பழகினது." மறைத்த பாதி இது: மற்ற நுண்ணுயிர்கள் குறைந்துபோன குடலில், சுவரைக் காக்கும் சளிப்படலத்தையே தின்ன அது பழகியிருந்தது.

ஒரு சித்திரை மாதக் காலை. டிரம்மைத் திறந்தேன். எப்போதும் புளித்த மாவு வாடை வரும். அன்று அழுகிய முட்டை நாறியது. மேலே சாம்பல் நிறத்தில் ஆடை. கரண்டியால் தூக்கினால் நூல் விட்டது. பண்ணையிலிருந்து திரும்பும் கேன்களைக் கழுவாமலே டிரம்மில் முக்கி நிரப்புவது என் வழக்கம். குளத்துக் கிருமி டிரம்முக்குள் வந்திருக்கும் என்பது புரிந்தது. கொட்டியிருக்க வேண்டும். வாசலில் வண்டி நின்றது. மரக்காணத்துக்காரர் கொடுத்த முன்பணத்தை நான் செலவழித்திருந்தேன். 2 கிலோ வெல்லம் கரைத்து ஊற்றினேன். நாற்றம் அடங்கியது. 20 கேன் அனுப்பினேன்.

பத்தாம் நாள் அவர் ஃபோன் செய்தார்.

"தம்பி, தண்ணி மேல வெள்ளையா நூல் நூலா மெதக்குது. செக் ட்ரேல போட்ட தீவனம் அப்படியே கெடக்கு."

வெள்ளைக் கழிச்சல். கேட்ட நொடியே தெரிந்தது. நான் சொன்னேன்: "பயப்படாதீங்கண்ணே. டோஸைக் கூட்டுங்க. இன்னும் 10 கேன் அனுப்பறேன்."

அனுப்பினேன். காசும் வாங்கினேன்.

நேரில் போனபோது ஓர் இறாலை வெயிலுக்கு நேரே தூக்கிக் காட்டினார். முதுகில் கருங்கோடாக ஓட வேண்டிய குடல் வெளிறி, அங்கங்கே அறுந்து தெரிந்தது. ஓடு அழுத்தினால் உள்ளே போனது. அவர் மனைவி கரையில் நின்றிருந்தார். தோடு இருந்த இடத்தில் வேப்பங்குச்சி.

கிலோவுக்கு 40 நிற்க வேண்டிய இறால், பிடித்தபோது 100க்கு மேல் நின்றது.

மிச்சமிருந்த ஒரு கேனைப் பல மாதம் கழித்து நண்பனின் ஆய்வகத்தில் சோதித்தேன். இறாலைத் தாக்கும் விப்ரியோ பாக்டீரியாவை வளர்த்துப் பார்க்கும் டிசிபிஎஸ் தட்டு. மறுநாள் அது முழுக்க மஞ்சளும் பச்சையுமாகப் புள்ளிகள். அந்தக் குளத்தில் இ.எச்.பி. கிருமி முன்பே இருந்திருக்கலாம். வெள்ளைக் கழிச்சலில் அதற்கும் பங்குண்டு. அதை என் தரப்பு வாதமாக வைக்க மாட்டேன். சாந்தோம் நெடுஞ்சாலையில், சிபா என்று நாங்கள் சொல்லும் உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தைத் தாண்டித்தான் தினமும் அடையாறு போனேன். நாலு இறாலைக் கொண்டுபோய்க் காட்டியிருக்கலாம். இறாலைப் பார்த்தவர்கள் அடுத்து என் கேனைக் கேட்பார்கள். அந்தப் பயத்தில் வண்டியை நிறுத்தவில்லை.

போன தை மாதம் மரக்காணம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். குளம் காய்ந்து வெடித்திருந்தது. அவர் நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை. 30 கேனுக்கும் வாங்கிய பணத்தை நீட்டினேன். எச்சில் தொட்டு எண்ணினார். மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"இது மருந்துக் காசு தம்பி. குஞ்சுக்காசு, தீவனக்காசு?"

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.